பார்த்தவர் பெயர்

தூரத்தில் இருக்கும் என் செல்ல மகனுக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேலை முடிந்ததும் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை, அப்படி இருந்தாலும் அதைச் சொல்லும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டிருக்கிறாள். கவரைப் பிரித்ததும் இந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இது அப்பா எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை, ஒவ்வோர் எழுத்தும் என் விரல் போட்டது. காலையில் கொஞ்சம், டீ குடித்த பிறகு கொஞ்சம் என்று எழுதிச் சேர்க்கிறேன். சில வரி மேலே ஏறுகிறது, சில வரி சறுக்கி இறங்குகிறது, மலையில் பிறந்தவன் எழுத்து வேறு எப்படி இருக்கும். அம்மா எதிரில் உட்கார்ந்துகொண்டு இப்போது என்ன எழுதினீர்கள் என்று வரிக்கு வரி கேட்கிறாள். எல்லாரும் சௌக்கியம் என்று எழுதினேன் என்றால், "அதுக்கா இவ்வளவு நேரம், இதுக்குள்ள நான் நேர்லயே போய்ச் சொல்லிட்டுத் திரும்பியிருப்பேனே" என்கிறாள். சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனால் சொல்ல வந்த விஷயம் சிரிப்பு இல்லை.

போன வாரம் நீ போனில் கேட்டாய் அல்லவா, "ஏம்பா, அக்கா வாழ்க்கையைவிட உங்களுக்கு அந்தப் பத்திரிகை பெரிசா, ஒரு வரி திருத்தம் எழுதிக் குடுத்தா என்ன குறைஞ்சு போயிடும்" என்று. நான் சரி, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டு வைக்கவில்லை. போனைக் காதில் வைத்தால் நல்லா இருக்கோம், நீ எப்படி இருக்கே, இங்க மழை என்பதற்கு மேல் எனக்கு வாய் நகராது, அதுவும் பக்கத்தில் ஒருத்தி பிடுங்குவதற்குத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது. நீ கேட்டது நியாயமான கேள்வி. உனக்குச் சொன்னவர்கள் பாதிதான் சொல்லியிருப்பார்கள். முழுவதையும் நான் சொல்கிறேன், படித்து முடித்துவிட்டு அப்புறம் திட்டு.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்துவிட்டது என்று உனக்குத் தெரியும், அறுவைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள், மழைக்காலம் கழிந்ததும் கூட்டிப்போக வேண்டும். எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து ஊர்ப் பத்திரிகையை அவள் படிப்பதும் நான் கேட்பதும்தான் வழக்கம். வியாழக்கிழமை வருவதால் அதற்கு வியாழன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள், வியாழன்ல போட்டிருக்கான் என்றால் இங்கே மறுபேச்சு கிடையாது. அவளுக்கு எழுத்து மங்கிப் போனபோது என்னைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குச் செய்தி தெரிஞ்சாகணும், இந்த வீட்ல கண்ணு இருக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான், படிங்க" என்றாள். தாளில் இருக்கும் எழுத்து அவள் கண்ணுக்குத் தெரியாது, அது என்ன எழுத்து என்று படிக்க எனக்குத் தெரியாது. மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு வால், நடுவில் ஒரு சுழி என்று நான் அடையாளம் சொல்லுவேன், அவள் அது இன்ன எழுத்து என்று சொல்லி என் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவாள். அதட்டலும் உண்டு. "இத்தனை வருஷம் மலை மேல பைப் எங்க வளையுதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவீங்க, இந்தச் சுழி வளையறது தெரியலையா" என்பாள். ஒரு நாள் காலை, யார் உதவியும் இல்லாமல், கீழ்ச்சாலை இன்று மூடல் என்ற வரி என் கண்ணெதிரே தானாகப் பேசியது. பஸ் நிறுத்தத்துக்கு ஓடிப்போய் அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம் உரக்கப் படித்தேன். ஊருக்குப் போக மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் எரித்துவிடுவதுபோல் பார்த்தார்கள். சாலை மூடியதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். உனக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். உன் போனில் விரலால் தேய்த்தால் உலகத்துச் செய்தி எல்லாம் கொட்டுகிறது, ஆனால் நம் கீழ்ச்சாலை திறந்திருக்கிறதா என்று எவ்வளவு தேய்த்தாலும் வராது, அது வியாழனில்தான் வரும்.

நீ இருந்தபோது பத்திரிகை அச்சகக்காரர் கையில் இருந்தது. அவர் காலமான பிறகு டெலிபோன் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் எடுத்து நடத்துகிறார். எதிரில் வந்து நிற்கும் ஆளிடம்கூட ஹலோ என்றுதான் ஆரம்பிப்பார், அதனால் ஊருக்கே அவர் ஹலோ அம்மா. தையல் கடைக்குப் பின்னால் ஒரே அறை, ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நகல் எடுக்கிற மெஷின், ஈரம் ஏறாமல் காகிதத்தைப் பூட்டி வைக்க ஓர் இரும்பு அலமாரி. நாலு பக்கம். எந்தச் சாலை திறப்பு, பஸ் எதுவரை வரும், யாருக்குக் குழந்தை, யார் வீட்டில் சாவு, யாருடைய மாடு வேலி தாண்டியது, அவ்வளவுதான். அவர் கொண்டுவந்த ஒரு விதியைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும், அது புரியாவிட்டால் மீதி புரியாது. முன்பு ஒருமுறை யாரோ சொன்னார்கள் என்பதை நம்பி, மேல்மலையில் தேன் எடுக்கிறவர் இறந்துவிட்டார் என்று போட்டுவிட்டார்கள். அந்த மனிதர் இறங்கி வந்து, தன் சாவுச் செய்தி இருந்த தாளைத் தானே காசு கொடுத்து வாங்கிப் படிக்கச் சொல்லிக் கேட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, வயசைத்தான் கொஞ்சம் கூட்டிப் போட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹலோ அம்மா வந்ததும் இனிமேல் எந்தச் செய்திக்கும் கீழே பார்த்தவர் என்று ஒரு வரி இருக்கவேண்டும், பார்த்த ஆளே தன் கையால் பெயர் எழுதவேண்டும், அந்த எழுத்து அப்படியே அச்சாகும் என்று வைத்துவிட்டார். கைநாட்டு ஆகாது, ரேகையைப் பார்த்து அது யார் என்று ஊருக்கு எப்படித் தெரியும் என்பார். செய்தி தப்பு என்றால் அதே ஆள் அதே இடத்தில் அதே கையால் திருத்தம் எழுதவேண்டும். நல்ல விதி. ஆனால் நம் ஜனங்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டவருக்கே அந்தச் செய்தி சொந்தம் என்று நினைக்கிறார்கள். தோட்டத்தில் கரடி நின்றதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தபால்காரரிடம் போய், "உங்க கரடி எங்க வேலியை முறிச்சுடுச்சு" என்று சண்டைக்கு நின்றவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் லைன் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றாலும் கால் ஓய்வு பெறவில்லை, ஊற்றிலிருந்து தொட்டிவரை பைப் போகும் பாதையில் இன்னும் ஏறி இறங்குகிறேன். கோடைக் கடைசியில் ஒரு நாள், தொட்டிக்குக் கீழே புல்லுக்குள் என் ஊன்றுகோல் இறங்கிக்கொண்டே போயிற்று. குனிந்து புல்லை விலக்கினால் தரை பிளந்திருந்தது, என் பாதம் நுழையும் அகலம். பிளவு மேல்தெருவின் தலைக்குமேல் வளைந்து போயிற்று. பழைய வேலிக்கல் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சரிவுக்கு நேர்கீழே இருப்பது சம்பந்தியின் விடுதி. அதன் பின்சுவர் மலையை வெட்டின மண்ணோடு ஒட்டி நிற்பதும், முன்பக்க அறைகளை வருகிறவர்களுக்கு விட்டுவிட்டு வீட்டு மனிதர்கள் பின்பக்கம் படுப்பதும் உனக்குத் தெரியும். உன் அக்காவும் பிள்ளைகளும் அந்தச் சுவர் ஓரம்தான். ஆடு மேய்க்கிற அம்மாவும் விறகுக்காரரும் அதை எனக்கு முன்னாடியே பார்த்திருக்கிறார்கள். "பாத்தோம், நமக்கெதுக்கு வம்பு" என்றார்கள். நான் நேராகச் சம்பந்தியிடம் போனேன். அவர் கணக்கு எழுதிக்கொண்டே, "மலைன்னா நாலு விரிசல் இருக்கும், கிழவன் முகம்னா நாலு சுருக்கம் இருக்காதா" என்றார். மாப்பிள்ளையிடம் தனியாகச் சொன்னேன், அவர் "அப்பாகிட்ட நான் எப்படி" என்று இழுத்தார். மறுபடியும் சம்பந்தியிடம் போனேன், அவர் எனக்கு டீ சொன்னார், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் ஹலோ அம்மாவின் மேசையில் உட்கார்ந்து, பார்த்ததை எழுதி, கீழே என் பெயரை எழுதினேன். என் பெயர் அச்சில் வரப்போவது அதுதான் முதல் தடவை. மனது துள்ளியது என்று சொன்னால் நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

வியாழன் வந்தது, ஊர் இரண்டு பட்டது. மேல்தெருவில் கொஞ்சம் பேர் பாத்திரம் பண்டத்தோடு பள்ளிக்கூடக் கூடத்துக்குப் போனார்கள். விடுதியில் அறை கேட்டிருந்தவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். சம்பந்தி நம் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வராமல், "கைநாட்டா இருந்தவரைக்கும் தங்கமான மனுஷன் சம்பந்தி நீங்க. நாலு எழுத்து வந்ததும் மலைக்கே வைத்தியம் பாக்கக் கிளம்பிட்டீங்களே" என்றார். அம்மா உள்ளே இருந்து, உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் பேசலாமே என்றாள். "தண்ணிதானே, உங்க வீட்டுக்காரர் எங்க தலைமேல ஒரு தொட்டி நிறைய வெச்சிருக்காரே" என்று திரும்பிவிட்டார். பத்திரிகையின் கடைசிப் பக்கம் முழுக்க அவர் விடுதி விளம்பரம்தான், அதையும் நிறுத்திவிட்டார். அதிகாரிகள் வந்தார்கள், நல்ல பிள்ளைகள், கோடைத் தூறலில் நனைந்துகொண்டு பிளவின் இரண்டு பக்கமும் முளை அடித்துச் சிவப்புப் பூசினார்கள். விழும் என்றும் சொல்வதற்கில்லை, விழாது என்றும் சொல்வதற்கில்லை, கவனித்துக்கொண்டிருக்கவேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளதைத்தான் சொன்னார்கள். முதல் மழை கொட்டித் தீர்த்தது. மலை விழவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் கூடத்தில் இருந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள், திரும்புகிற வழியில் என்னைப் பார்த்து, "என்ன தண்ணிக்காரரே, உங்க விரிசல் சௌக்கியமா" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். நான் போய் மலையைக் கடப்பாரையால் கீறி வைத்த மாதிரி.

இதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை. ஊர் வாய்க்கு மூடி போட முடியுமா. உன் அக்கா வந்தாளே, அதுதான் வலித்தது. வியாழன் வந்த மறுநாள் மதியம் வந்தாள். உட்காரவில்லை. "மாமாகிட்ட ரெண்டு தடவை சொன்னீங்க, இவர்கிட்ட சொன்னீங்க, அப்புறம் ஊருக்கே எழுதினீங்க. அந்தச் சுவர் ஓரமா பிள்ளைங்களைப் போட்டுத் தூங்குறவ நான். எங்கிட்ட ஏம்பா சொல்லலை" என்றாள். "நீ ரெண்டு வீட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டுத் தவிப்பேன்னுதான் சொல்லலை" என்றேன். "இப்ப மட்டும் எங்க நிக்கிறேன்னு நினைக்கிறீங்க" என்று கேட்டுவிட்டு, அம்மா கையில் இருந்த டம்ளரைக்கூட வாங்காமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு வரவும் இல்லை, போன் எடுக்கவும் இல்லை, பிள்ளைகளையும் அனுப்பவில்லை. நம் வீட்டில் முதலில் சொல்லியிருக்க வேண்டியது அவளிடம்தான்.

இந்த நிலையில் மேல்தெருக் கடைக்காரர்களும் சம்பந்தியும் சேர்ந்து ஹலோ அம்மாவிடம் போய், திருத்தம் போடு என்று நின்றார்கள். அவர், "பாத்தவர் எழுதினாத்தான் திருத்தம், நான் எழுதினா அது வதந்தி" என்று சொல்லி அனுப்பிவிட்டு நம் வீட்டுக்கு வந்தார். ஹலோ என்று உள்ளே வந்து, "அடுத்த வியாழனுக்கு ஒரு கட்டம் காலியா வெச்சிருக்கேன். நீங்க எழுதினா போடுறேன், எழுதலைன்னா காலியாவே அச்சாகும், நான் உங்களை இழுக்க மாட்டேன்" என்றார். அவர் போன பின்னால் சம்பந்தியிடமிருந்து ஆள் வந்தது, "திருத்தம் வர்ற அன்னைக்கு எம் மருமக அவ அப்பா வீட்டுக்குத் தாராளமாப் போகட்டும் வரட்டும்" என்று. அன்றைக்கு மாலைதான் உன் போன். அம்மாவும் உன் பக்கம்தான் பேசினாள். "நீங்க ஒரு வரி எழுதினா மலைக்கு என்ன தெரியப் போகுது. எம் பொண்ணு வாசல் தாண்டி வரட்டும். எனக்குக் கண்ணு சரியாகும்போது பிள்ளைங்க வளர்ந்து வேற மூஞ்சியா இருக்கப் போகுது" என்றாள். அவள் அழுதால் நான் தாங்குவேனா, உனக்குத் தெரியாதா.

எழுதினேன். மறைக்காமல் சொல்கிறேன், எழுதினேன். மேல்தெருவுக்கு மேல் விரிசல் இருப்பதாக நான் எழுதியது தவறு, அப்படி ஒன்றும் இல்லை என்று அழகாக, வரி சாயாமல் எழுதினேன். மறுநாள் மதியம் அம்மாவிடம் படித்துக் காட்ட உட்கார்ந்தேன். பாதிவரை படித்தேன், அதற்கு மேல் வரவில்லை. "என்ன நின்னுட்டீங்க, எழுத்து மறந்துடுச்சா" என்றாள். எழுத்து தெரிகிறது, வாய்தான் வரவில்லை என்றேன். தாள் எங்கே என்று கையால் தடவிப் பார்த்தாள். "இப்பவும் அது அங்க இருக்குதானே" என்றாள். நேற்றும் இருந்தது என்றேன். "அப்ப இல்லைன்னு என் காதுல எதுக்குப் படிக்கிறீங்க. எனக்குக் கண்ணு தெரியலைன்னா என்ன வேணா படிக்கலாமா. கிழிங்க" என்றாள். கிழித்தேன். கிழிக்கச் சொன்னவளே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மகனே, நீ கேட்டாயே, அக்காவா பத்திரிகையா என்று. எனக்கு அது இரண்டாகத் தெரியவில்லை. மலை விழாமலே இருக்கட்டும், நான் பொய்யன் என்று ஊர் சிரித்துக்கொண்டே இருக்கட்டும், அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் கையெழுத்தை நம்பி, ஒன்றுமில்லையாம் என்று ஓர் அம்மா அந்தச் சுவர் ஓரம் பிள்ளைக்குப் பாய் விரித்தால் என்ன செய்வேன். அந்த அம்மா நம் வீட்டுப் பெண்ணாகவே இருந்தால் என்ன செய்வேன். நான் இல்லை என்று எழுதினால் ஊருக்கு அது இல்லாமல் போய்விடும், மலைக்குப் போகுமா.

புதன்கிழமை காலை மறுபடி ஏறிப் போய்ப் பார்த்தேன். சிவப்பு முளைகள் அடித்த இடத்திலேயே நிற்கிற மாதிரிதான் தெரிந்தது, சத்தியமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இறங்கி வந்து ஹலோ அம்மாவின் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். விரிசல் இருக்கிறது. முதல் மழையில் மலை விழவில்லை. இனி விழுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததால், மழை நாட்களில் மலைச் சுவர் ஓரத்து அறைகளில் யாரும் படுக்கவேண்டாம். அவ்வளவுதான். அவர் படித்துவிட்டு, "இது திருத்தம் இல்லையே" என்றார். இதற்கு மேல் திருத்த எனக்குத் தெரியவில்லை என்றேன். "சரிதான், அப்ப கடைசிப் பக்க விளம்பரம் திரும்ப வராது, அந்தக் காசு இல்லாம இனிமே வியாழன் ரெண்டு பக்கம்தான்" என்று பெருமூச்சு விட்டு அடிக்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அடித்த மற்றச் செய்திகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், மாடு காணாமல் போனதில் ஒரு பிழை பிடித்தேன், அவரே மெச்சினார். அப்போது வாசலில் நிழல் விழுந்தது. உன் அக்கா. கணுக்கால்வரை சேறு, முழங்கையில் முள் கீறின கோடு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. ஹலோ வாம்மா என்றார் அவர். "பாத்தவங்க வேற யார் இருந்தாலும் பேர் போடலாமா" என்று கேட்டாள். பார்த்திருந்தால் போடலாம் என்றார். "பாத்துட்டுதான் வரேன்" என்றாள். ஹலோ அம்மா யார் வந்தாலும் சோதிக்காமல் விடமாட்டார், எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று கேட்டார். "தொட்டிக்குக் கீழ, வேலிக்கல் சாஞ்சிருக்கிற இடத்துல ஆரம்பிக்குது" என்றாள். "முடியறது எங்க வீட்டுக்கு நேர் மேல" என்றாள். உங்கள் மாமனாருக்கு இது தெரியுமா என்று அவர் மெதுவாகக் கேட்டார். "வியாழக்கிழமை தெரிஞ்சுக்குவாரு" என்றாள். பேனாவை வாங்கி, என் கோணல் எழுத்துக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். பள்ளியில் பரிசு வாங்கின கையெழுத்து, பல்வரிசை மாதிரி. பேனாவை வைத்துவிட்டு வாசலில் செருப்பை மாட்டும்போது, என்னிடம் இல்லை, ஹலோ அம்மாவிடம்தான் சொன்னாள், "பாதை வழுக்குது, வயசானவங்க தனியா மேல ஏற வேண்டாம்னு அதையும் சேர்த்துப் போடுங்க" என்று. போய்விட்டாள். அதையும் சேர்த்துத்தான் போட்டார்.

வியாழன் வந்ததும் அம்மாவுக்குப் படித்தேன். செய்தியைக் கேட்டாள், வயதானவர்கள் ஏறவேண்டாம் என்பதைக் கேட்டுச் சிரித்தாள், பிறகு பார்த்தவர்கள் என்று சொல்லி என் பெயரையும் அதற்குக் கீழே இருந்த பெயரையும் படித்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தெருவில் இப்போது உங்க விரிசல் என்பது போய் உங்க குடும்பத்து விரிசல் என்கிறார்கள், போகட்டும். விறகுக்காரர் ஹலோ அம்மாவிடம் போய், அவரும் பெயர் போட இன்னும் இடம் இருக்கிறதா என்று கேட்டாராம். சம்பந்தி வீட்டுக்குள் என்ன நடந்தது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. சத்தம் வெளியே வரவில்லை. மாப்பிள்ளை கடைத்தெருவில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நின்று பேசவில்லை. அக்கா இன்னும் நம் வீட்டுக்கு வரவில்லை. இதை எழுதும்போது மேற்கே மேகம் கட்டி நிற்கிறது, அடுத்த மழை இன்றோ நாளையோ வந்துவிடும்.

அம்மாவின் அறுவைக்கு நீ வரவேண்டும் என்று துடிக்காதே, லீவு கிடைத்தால் வா, வந்தால் கீழ்ச்சாலை திறந்த பிறகு வா. குளிர்க் கிடங்கு வேலைக்குக் கையுறை கிழிந்ததைப் போட்டுக்கொண்டு போகாதே, புதிது வாங்கிக்கொள். உனக்கு நல்ல உடம்பும், நல்ல தூக்கமும், பக்கத்தில் நல்ல மனிதர்களும் அமையட்டும், எங்கள் ஆசீர்வாதம் எந்நேரமும் உன் தலைமேல் இருக்கிறது. அம்மா இந்த இடத்தில் தன் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள், அவள் முத்தமும் இதில் இருக்கிறது.

ஒன்றே ஒன்றை மறக்காதே. இந்தக் கடிதம் கையில் கிடைத்த உடனே அக்காவுக்குப் போன் போடு. என் போனை அவள் எடுக்கமாட்டாள், உன் போனை எடுப்பாள். ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்காதே. அப்பாவோடு பேசு என்றும் சொல்லாதே, அது வரும்போது வரும். பிள்ளைகளை எந்த அறையில் படுக்க வைக்கிறாய் என்று மட்டும் கேள். முன்பக்கம் என்றால் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல். பின்பக்கம் என்றால் ஒன்றும் பேசாதே, மறுநாளும் போன் போட்டு அதையே கேள், மழை விடுகிறவரை தினமும் கேள்.

இப்படிக்கு,
தன் கையால் எழுதிய
உன் அப்பா